கல்மேட்டில் இரண்டு நாற்காலி

பிப்ரவரி 9

என் வெல்டருக்கு,

நான் நலம். பெண் ஹாஸ்டலில் நலம். மேல்வீட்டுக்காரர்கள் இன்னமும் ராத்திரியானால் நம் தலைக்கு மேல் கட்டிலை இழுத்துப் போடுகிறார்கள், அவர்களும் நலம் என்றுதான் தெரிகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் நிலம் பார்க்கப் போனேன். முதலாளி ஸ்கூல் வேனைக் கொடுத்தார். தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள், டீசல் என் செலவு. பின் சீட்டில் வழக்கம்போல் இரண்டு மடக்கு நாற்காலி. பக்கத்தில் தரகர் தொப்பிக்காரர். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததே கிடையாது. உள்ளே வழுக்கையா, வேறு ஏதாவது வில்லங்கமா, தெரியவில்லை.

"மத்தவங்க மண்ண அள்ளிப் பாப்பாங்க, பத்திரத்த பொரட்டிப் பாப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் நாற்காலியத் தூக்கிக்கிட்டு வரீங்க" என்றார். "அதுலயும் ரெண்டு. அந்த இன்னொண்ணு யாருக்கு?"

"வர வேண்டியவருக்கு" என்றேன்.

கல் குவாரியைத் தாண்டி, தார் ரோடு முடிந்து, மண்பாதையில் போக வேண்டும். குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டாக்டரின் மேய்ச்சல் நிலம். எல்லாரும் குதிரை டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். முட்டி இரண்டும் போய்விட்டது, சரிவில் ஏறி இறங்க முடியவில்லை, அதனால் விற்கிறார். மேலே கல்மேடு, நடுவில் புல்வெளி, கீழே குளம். ஐந்தாறு குதிரைகள் எங்களைச் சட்டையே செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

பாதி வழியில் ஓர் உள்கேட் இருக்கிறது. தொப்பிக்காரர் மரியாதை தெரிந்தவர் இல்லையா, நாங்கள் உள்ளே வந்ததும் அதை இழுத்துச் சாத்தினார். டாக்டர் கைத்தடியை ஓங்காத குறைதான். "தெறந்திருந்த கேட்ட ஒன்ன யாருய்யா மூடச் சொன்னது? குதிரைங்க தண்ணிக்கு அந்த வழியாத்தான் போகணும். கேட்டு எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டு வரணும். இதுகூடத் தெரியாம நெலம் விக்க வந்துட்ட" என்று பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மேட்டில் ஏறி இரண்டு நாற்காலியையும் விரித்து உட்கார்ந்தேன். ஒரு சத்தம் இல்லை. குதிரைகள் புல்லைப் பிடுங்குகிற சத்தம் அவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

கல்யாணமான புதிதில் பைக்கை நிறுத்திவிட்டு யாரோ ஒருவர் நிலத்து வரப்பில் உட்கார்ந்து பன் தின்றோமே, நினைவிருக்கிறதா? "எழுந்து போங்க, இது ஒங்கப்பன் வீட்டு நெலமா?" என்று அந்த ஆள் விரட்டினானே. கையில் பாதி பன்னோடு எழுந்தீர்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னீர்கள்: "நம்மள எழுந்து போன்னு சொல்ல எவனுக்கும் உரிமை இல்லாத எடம் ஒண்ணு வாங்கிக் காட்டறேன்." பாலைவனத்தில் பைப்லைன் வேலைக்குக் கிளம்பின அன்றும், நிலத்தோடுதான் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள்.

இது அந்த இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதுவரை பார்த்த இடங்களில் எல்லாம் கொஞ்ச நேரத்தில் நாற்காலியை மடக்கிவிடுவேன். இங்கே தொப்பிக்காரர் வந்து கூப்பிட வேண்டியதாகிவிட்டது. நிலப் பணம் உங்களிடம் இருக்கிறது. சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள்
டிரைவரம்மா

*

பிப்ரவரி 24

டிரைவரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மணல்காற்றினால் தபால் கொண்டுவரும் சப்ளை லாரி தாமதம்.

அந்த நிலம் வேண்டாம். சரிவில் மண் தங்காது. கல்மேடு எதற்கும் ஆகாது. குளம் கோடையில் வற்றும். வற்றாது என்றுதான் விற்கிறவர் சொல்வார். முட்டி வலிக்காக ஒருவர் நிலத்தை விற்கிறார் என்பதும் எனக்கு நம்பிக்கையாக இல்லை. எல்லையில் ஏதாவது தகராறு இருக்கும்.

தண்ணீரைப் பார்த்ததும் மயங்கிவிடாதே.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது? நாற்காலியைச் சரியாக எந்த இடத்தில் போட்டாய்? டாக்டர் வீடு எங்கே? தொப்பிக்காரரின் ஆபீஸ் பஸ் ஸ்டாண்ட் பக்கம்தானே?

பெண்ணின் பீஸ் அனுப்பிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். வேன் பிரேக்கைச் சரி பார்க்கச் சொல்லி முதலாளியிடம் கண்டிப்பாகச் சொல்.

இப்படிக்கு,
நான்

*

மார்ச் 8

வெல்டர் ஐயா அவர்களுக்கு,

ஐயா என்று எழுதியிருப்பதிலிருந்தே என் கோபம் தெரிந்திருக்கும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முதலில் பார்த்த நிலத்துக்கு ரோடு பக்கம், வேண்டாம் என்றீர்கள். அடுத்ததற்கு ரோடே இல்லை, வேண்டாம் என்றீர்கள். ஒன்றில் மேலே மின்கம்பி போகிறது. ஒன்றில் பக்கத்து நிலத்துக்காரன் முகம் சரியில்லை, அதுவும் நான் எழுதின வர்ணனையை வைத்து. இப்போது டாக்டருடைய முட்டியை நீங்கள் நம்பவில்லை. அவர் நடக்கிறதைப் பார்த்த எனக்கு இருக்கிற நம்பிக்கை உங்களுக்கு வேண்டாமா?

மனசில் இருக்கிறதைக் கேட்டுவிடுகிறேன். உங்களுக்கு நிலம் பிடிக்கவில்லையா, வீடு திரும்பப் பிடிக்கவில்லையா? நிலம் கிடைத்தால் வருவீர்கள். அதனால் நிலம் கிடைக்கவே கூடாது. நொண்டிச் சாக்கு என்று ஊரில் சொல்வார்கள், உங்கள் சாக்குக்கு ஒரு காலும் இல்லை.

அப்பா எப்போது வருவார் என்று நம் பெண் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவரைக்கும் தொல்லையாக இருந்தது. இப்போது அந்தத் தொல்லை வேண்டும்போல் இருக்கிறது.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டேன் என்று இருக்க வேண்டாம். சூரியன் குளத்துக்குப் பின்னால் இறங்குகிறது. கல்மேட்டின் உச்சியில் ஒரு பக்கமாகச் சாய்ந்த மரம் ஒன்று இருக்கிறது, அதன் அடியில்தான் நாற்காலி போட்டேன். சுற்றிலும் முள்புதர். உங்கள் நாற்காலியின் கால் முள்ளில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டே இருந்தது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள். டாக்டர் வீடு குவாரிக்கு இந்தப் பக்கம். தொப்பிக்காரர் ஆபீஸ் பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான். தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தூங்கப் போகிறேன். பிரேக் நன்றாக இருக்கிறது.

வேன் டிரைவர்

*

மார்ச் 22

டிரைவரம்மாவுக்கு,

சாக்கு என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எனக்கு உன்னைப்போல் எழுத வராது. இங்கே தகர அறையில் நான்கு கட்டில். கட்டிலில் படுக்கலாம், உட்கார்ந்தால் மேல்கட்டில் தலையில் இடிக்கும். சாப்பாட்டு பெஞ்சில் அடுத்த ஷிப்ட் பின்னால் நிற்கும். வேலை முடிந்து பைப் மேல் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் "எழுந்திரு, எழுந்திரு" என்பார். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரப்புதான் ஞாபகம் வரும். அன்றைக்கு நீயும் கூட இருந்து பார்த்தாயே, அதுதான் என்னால் மறக்க முடியவில்லை. இங்கே ஃபோனும் கிடையாது, ரேடியோ தலைமை ஆபீசுக்கு மட்டும்தான் பேசும். உன் கடிதம் வருகிற நாள்தான் எனக்கு நாள். அதில் நீ திட்டியிருந்தாலும் சரி.

வராமல் இருக்க எனக்கு என்ன ஆசை? வெறுங்கையோடு வந்து அதே வீட்டில், அதே கட்டில் இழுக்கிற சத்தத்தின் கீழ் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

வெட்டிப்போட்ட பைப்பில் கேட்டுக்கு ஒரு கொண்டி செய்திருக்கிறேன். சும்மாதான் செய்தேன். தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆகிவிட்டது. சமையல் பொறுப்பாளர் பார்த்துவிட்டு, "கேட்டு இருக்கா சார்?" என்று கேட்டார். இனிமேல் வரும் என்றேன்.

இன்னொரு விஷயம். கான்ட்ராக்ட் ஜூலையில் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் சம்பளம் கூட்டித் தருகிறார்கள், கொஞ்சம் முன்பணமும் கிடைக்கும். மே மாதத்துக்குள் சொல்ல வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான்

*

ஏப்ரல் 5

வெல்டருக்கு,

இரண்டு வருஷமா?

கொண்டியைப் பற்றிப் படித்தபோது கண் கலங்கியது. அடுத்த வரியில் இரண்டு வருஷம் என்று இருந்தது. ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுத உங்களால்தான் முடியும்.

உங்களுக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று. நீங்கள் வேண்டாம் என்ற டாக்டர் நிலத்துக்கு இப்போது போட்டி. வெளியிலிருந்து ஒரு பார்ட்டியாம், நேரில் வரவே இல்லையாம், வேறொரு தரகர் மூலமாகக் கேட்கிறானாம். இந்தப் பக்கம் ஒருவர் விலை சொன்னால் அந்தப் பக்கம் அவன் அதற்குமேல் சொல்கிறானாம். "எரும மாதிரி நகர மாட்டேங்கறான்மா அந்த ஆளு" என்று தொப்பிக்காரர் தலையில் அடித்துக்கொள்கிறார், தொப்பியோடுதான்.

நிலத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பணத்தை வீசுகிற அந்த மகராசன் யாரோ, அவனுக்கு ராத்திரி தூக்கம் வராமல் போகட்டும். மேல்வீட்டுக்காரர்கள் அவன் தலைக்கு மேல் குடியேறட்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்காதீர்கள். பார்த்த நிலம், அவ்வளவுதான்.

சொந்த வேன் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

நான்தான்

*

ஏப்ரல் 18

டிரைவரம்மாவுக்கு,

வேனை ஏன் தள்ளிப்போட்டாய்? அதற்கென்று எவ்வளவு நாளாகச் சேர்த்தாய்.

அந்த நிலத்துக்கு உள்ளூரில் கேட்பது யார் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? சும்மா ஒரு ஆர்வம்தான். இரண்டு பார்ட்டி இருக்கிறது என்று தரகர்கள் கதை கட்டுவது வழக்கம். நிஜமாகவே அப்படி ஒருவன் இருந்தால் அவன் சரியான பிடிவாதக்காரன். உண்மையில் வாங்க வந்தவன் மாதிரித் தெரியவில்லை, அடுத்தவன் வாங்கக் கூடாது என்று வந்தவன் மாதிரி இருக்கிறது. குவாரி முதலாளியாக இருக்கலாம். அவன் கையில் போனால் கல்மேட்டை உடைத்து ஜல்லி ஆக்கிவிடுவான்.

நீ இதில் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

இரண்டு வருஷ விஷயம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். ஒரு காரணம் இருக்கிறது. தெரியும்போது நீ திட்ட மாட்டாய்.

நான்

*

மே 2

என்னங்க,

வேனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியவில்லை.

தொப்பிக்காரர் முந்தாநாள் கூப்பிட்டார். "அந்தப் பார்ட்டி அட்வான்ஸே கொடுத்துட்டான். ஆனா விசித்திரமா ஒரு நிபந்தனை போடறான்மா" என்றார். "பத்திரம் பதியறதுக்கு முன்னாடி மேட்டுல சாஞ்ச மரத்தடியில இருக்கற முள்ள எல்லாம் வெட்டிட்டு, ரெண்டு நாற்காலி போடற அளவுக்குத் தரையச் சமமாக்கித் தரணுமாம்."

இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அந்த மரத்தையும் முள்ளையும் நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதினேன்.

உள்ளூர்ப் பிடிவாதக்காரன் யார் என்று கேட்டீர்களே. குவாரி முதலாளி இல்லை. நான். நீங்கள் வேண்டாம் என்றதும் எனக்கு வெறி வந்துவிட்டது. வேன் பணத்தைக் காட்டி நானே விலை பேசினேன், போதாததற்கு முதலாளியிடம் கடனும் கேட்டு வைத்திருந்தேன். இவர் வராவிட்டால் போகட்டும், நான் போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்று நினைத்தேன். நான் ஏற்ற ஏற்ற நீங்கள் ஏற்றியிருக்கிறீர்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நமக்கு ஊர்கூட வேண்டியிருக்கவில்லை, ஒரு புருஷன் பெண்டாட்டி போதும்.

உங்களைத் தூங்காமல் போகச் சபித்தேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நேற்றே விலகிவிட்டேன். இன்று டாக்டர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. "இத்தன வருஷத்துல கழுத எட்டி உதச்சுக்கறதப் பாத்திருக்கேன். தன்னையே எட்டி உதச்சுக்கற கழுதைய இப்பத்தான் பாக்கறேன்" என்றார். திட்டினாலும் சரியாகத்தான் திட்டினார்.

"வெலய எறக்குங்க டாக்டர்" என்றேன்.

"அதெப்படிம்மா? நீங்களா ஏத்தினீங்க, நானா கேட்டேன்? அட்வான்ஸும் திரும்பி வராது" என்றார். கெட்டிக்காரர். கொஞ்ச நேரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒண்ணு பண்ணலாம். அந்த அட்வான்ஸுக்கு மேட்ட மட்டும் எழுதித் தரேன். அங்க புல்லு கெடையாது, குதிர ஏறாது. என்னாலயும் ஏற முடியாது. புல்லும் கொளமும் எங்கிட்டயே இருக்கட்டும், அதுக்கு எவனாவது வருவான். யோசிச்சுச் சொல்லுங்க, ஜூன் வரைக்கும் பொறுக்கறேன்" என்றார்.

நீங்கள் எதற்கும் ஆகாது என்று எழுதின அதே கல்மேடு. தண்ணீர் நமக்குக் கிடையாது. ஆனால் அங்கே உட்கார்ந்தால் குளம் முழுசாகத் தெரியும், குதிரைகள் தெரியும். பார்க்கிறதற்கு டாக்டர் காசு கேட்க மாட்டார், கேட்டு வைத்துவிட்டேன்.

அட்வான்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். முழு நிலமும் வேண்டும் என்றால் இரண்டு வருஷம். மேடு போதும் என்றால் ஜூலை.

எனக்கு நிலம் வேண்டும் என்று யார் சொன்னது? ஆடுகிற அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார வேண்டும். கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள்
கழுதையில் பாதி

*

மே 6

என் டிரைவரம்மாவுக்கு,

தபாலைவிட லாரி டிரைவரின் வாய் வேகமானது. இன்று காலை செய்தி கொண்டுவந்தான்: உள்ளூர்க்காரன் விலகிவிட்டான். டாக்டர் நிலம் நமக்குத்தான்.

வெளியூர்ப் பார்ட்டி நான்தான். வேண்டாம் என்று எழுதினதெல்லாம் பொய். உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சமையல் பொறுப்பாளரின் மைத்துனர் அங்கே தரகர், அவர் மூலமாகப் பேசினேன், லாரி டிரைவர் டவுனுக்குப் போகும்போதெல்லாம் அவருக்கு ஃபோன் போட்டு என் விலையைச் சொல்வான். பத்திரத்தை உன் கையில் கொடுத்து உன் முகம் எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்று ஆசை. எனக்கும் ஏதாவது ஒன்று உன்னைப் போல் அழகாகச் செய்ய வேண்டும் என்று இருந்தது.

அந்தப் பிடிவாதக்காரன் விலையை ஏற்றிவிட்டதில் கையில் இருந்தது போதவில்லை. இன்று மத்தியானம் ஆபீசில் போய் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம்தானே. நிலம் அங்கே நமக்காக இருக்கும். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்காரலாம். முள்ளை வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

சந்தோஷமா?

உன்
வெல்டர்

*

மே 20

என்னங்க,

உங்கள் கடிதம் இன்று வந்தது. என் கடிதம் உங்களுக்கு எப்போது வந்ததோ.

சந்தோஷமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் விலகினதால்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். நான் பிடிவாதமாக இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டீர்கள். விட்டுக்கொடுத்ததுதான் தப்பாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்குப் போயிருந்தேன். டாக்டர் ஆள் வைத்து முள்ளை வெட்டிவிட்டார். தரை சமமாக இருக்கிறது. உங்கள் நாற்காலி இப்போது ஆடவில்லை. ஆடிக்கொண்டிருந்தபோதாவது அதில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும்.

இரண்டு வருஷத்தில் நம் பெண் படிப்பை முடித்துவிடுவாள். எனக்கு இன்னும் கொஞ்சம் நரைக்கும். அதெல்லாம் பரவாயில்லை. சாயங்காலம் குளத்தில் வெளிச்சம் மாறும்போது, "அங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். தினமும் வேனில் அத்தனை பிள்ளைகளின் இரைச்சலில் இருக்கிறவள்தான் நான். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் இல்லாமல் இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

உங்களைத் திட்டவில்லை. நீங்கள் எனக்காகச் செய்தீர்கள் என்று தெரியும். எனக்கு நீங்கள் வேண்டும். இதை இதற்குமுன் எழுதினேனா என்று யோசித்துப் பார்த்தேன். நிலத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

உங்கள்
மனைவி

*

ஜூன் 5

என் டிரைவரம்மாவுக்கு,

உன் மே 2 கடிதம் நான் கையெழுத்துப் போட்டுப் பத்து நாள் கழித்து வந்தது. மற்றது இன்று வந்தது, நடுவில் மணல்காற்றில் லாரியே வரவில்லை.

முதல் கடிதத்தை பைப் ஓரத்தில் நின்றுகொண்டே படித்தேன். கழுதை என்று டாக்டர் சொன்ன இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து ஆள் வெல்டிங் முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். அதற்கு அடுத்த பக்கம் வந்தபோது முகமூடியை நான் இறக்கிக்கொண்டேன்.

நேராக ஆபீசுக்குப் போனேன். கையெழுத்தைத் திரும்பக் கேட்டேன். "விளையாட்டா?" என்றார் மேனேஜர். போட்டதை உடைத்தால் கடைசியில் தருகிற பெரிய தொகை ஒரு காசுகூடக் கிடைக்காது, கூட்டின சம்பளத்தின் முன்பணத்தையும் திருப்ப வேண்டும் என்றார். "நல்லா யோசிச்சுக்க. குளமும் போகும், புல்லும் போகும்" என்று சமையல் பொறுப்பாளர் வேறு வந்து சொன்னார். அவருக்கு மைத்துனருடைய கமிஷன் கவலை.

போகட்டும் என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னதும் உடம்பு லேசான மாதிரி இருந்தது.

குளம் நமக்கு வராது. நீ தண்ணீரில் மயங்கிவிடாதே என்று எழுதினவன் நான், மயங்கினதும் நான்தான். படுத்தால் கண்ணுக்குள் அந்தக் குளம்தான் நிற்கும், பார்க்காத குளம். மேலே இருந்து தெரியும் என்கிறாய். தெரிந்தால் போதும்.

மேட்டை உன் பெயரில் எழுதச் சொல்லி டாக்டருக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன். எழுந்து போ என்று நாளைக்கு நீயே என்னைச் சொல்லலாம், உனக்கு மட்டும் உரிமை உண்டு.

ஜூலை 12 ஞாயிற்றுக்கிழமை, மத்தியான பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக்கு வரவில்லை. குவாரியில் இறங்கி நடந்து வந்துவிடுகிறேன். நாற்காலி இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிடு. நம் பெண்ணிடம் சொல், கேட்கட்டும்.

கொண்டியும் வருகிறது.

உன்
வெறுங்கை வெல்டர்

*

ஜூலை 12
(உள்கேட்டில் கட்டியிருந்தது)

என்னங்க,

இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியிருக்கவில்லை. எனக்கே வினோதமாக இருக்கிறது.

இதைப் படிக்கிறீர்கள் என்றால் குவாரியைத் தாண்டி வழி தவறாமல் வந்துவிட்டீர்கள். கேட் திறந்திருக்கிறதா? அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். கையில் கொண்டியை வைத்துக்கொண்டு கை துறுதுறு என்று இருக்கும், தெரியும். பையிலேயே இருக்கட்டும். இந்தக் கேட்டுக்கு அது வேண்டாம். நமக்குப் பங்காக வந்த மேட்டுக்கு வேலியே கிடையாது.

இடது பக்கம் புல்லில் நடக்காதீர்கள், அது டாக்டருடையது. பார்த்தால் கைத்தடியோடு வந்துவிடுவார். கல்லில் கால் வைத்து ஏறுங்கள். வெள்ளைக் குதிரை ஒன்று பின்னாலேயே வந்து சட்டையை முகரும், பயப்பட வேண்டாம். பாதி ஏறினால் மூச்சு வாங்கும். அங்கே நின்று திரும்பிக் குளத்தைப் பார்க்காதீர்கள். மேலே வந்து பார்க்கலாம், நானும் இன்னும் அந்தப் பக்கம் திரும்பாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் பெண் காலையிலிருந்து, "அப்பா எப்ப வருவாரு, அப்பா எப்ப வருவாரு" என்று என் உயிரை எடுக்கிறாள். அவளுக்கு நாற்காலி இல்லை, கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். பன் வாங்கி வைத்திருக்கிறேன்.

மரத்தடியில் இடது பக்கம் இருப்பது உங்கள் நாற்காலி. வந்து உட்காருங்கள். முழுசாகத் தின்றுவிட்டு மெதுவாக எழுந்தால் போதும்.